பால் கொடுத்தால் இளைக்கும் பிராணி!

நள்ளிரவு மணி 2. தெரு உறங்குகிறது. ஒரு வீட்டுச் சமையல் அறையில் மட்டும் விளக்கு எரிகிறது.

வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தோடு அடுப்பின் முன் நிற்கிறார். ஒரு கிண்ணத்தில் கோழிக்கறிக் கூழ். அதை வெந்நீரில் வைத்து இளஞ்சூடு ஆக்குகிறார். ஊசியைக் கழற்றிவிட்ட சிரிஞ்சில் உறிஞ்சி எடுக்கிறார். துண்டில் சுற்றிய ஒரு சின்ன உயிரை மடியில் வைத்துக்கொண்டு, கடைவாய் ஓரமாகச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுகிறார். அது பாதியை விழுங்குகிறது. மீதியை அவர் சட்டையில் துப்புகிறது.

மடியில் இருப்பது கைக்குழந்தை அல்ல. நீண்ட உடம்பு, குட்டைக் கால்கள், கூரிய முகம், கண்ணைச் சுற்றி முகமூடி கட்டியது போலக் கறுப்பு. பெயர் பெரட்.

இனி காலை 6 மணிக்கு மறுபடி புகட்ட வேண்டும். அதன் பிறகு அவர் குளித்து, வேலைக்கு ஓட வேண்டும்!

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெரட் வளர்க்கும் வீடுகளில் இது அபூர்வக் காட்சி அல்ல. நாய் இளைத்தால் நாலு நாளில் தேற்றிவிடலாம். பெரட் இளைத்தால் தேற்றுவது பெரும்பாடு. அதிலும் பாசம் மிகுந்து, கண்டதையும் ஊட்டி, தாங்களே அதை இளைக்க வைத்துவிடுகிறவர்கள் பலர்.

கீரி அல்ல

படத்தில் பார்த்தால் நம்மவர்கள் உடனே "கீரிப்பிள்ளை" என்பார்கள். கீரி வேறு, இது வேறு. நீர்நாய்க்குத்தான் இது தாயாதி. ஐரோப்பியக் காடுகளில் திரியும் போல்கேட் என்ற பிராணியைப் பிடித்துப் பழக்கி, 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதன் வளர்த்து வந்ததில் உண்டானது பெரட். முயல் வளைக்குள் விட்டு முயலைத் துரத்தும் ஒரு பிராணியைப் பற்றிப் பழங்கால கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார். அது பெரட்தான் என்பது பலர் கருத்து.

(இதைப் படித்துவிட்டு ஊரில் கீரிக்குட்டி பிடித்து வளர்க்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.)

ஆண் பெரட் ஒன்று முதல் 2 கிலோ எடை இருக்கும். பெண் பெரட் 600 கிராம் முதல் ஒரு கிலோ வரை. அதாவது கடையில் வாங்கும் ஒரு சர்க்கரைப் பொட்டலத்தின் எடைதான். ஒரு கிலோ எடையுள்ள பெரட் 100 கிராம் இளைத்தால், பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைத்ததற்கு அது சமம்! மயிர் அடர்த்தியாக இருப்பதால் உள்ளே எலும்பு துருத்துவது வெளியே தெரிவதில்லை. கையால் தடவிப் பார்த்தால்தான் முதுகெலும்பும் இடுப்பு எலும்பும் விரலில் இடறும்.

ஏழைகளின் வேட்டைக்காரன்

இன்று அமெரிக்காவில் செல்லப் பிராணிக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து பெரட் விற்கிறார்கள். கலிபோர்னியா, ஹவாய் மாநிலங்களில் மட்டும் வளர்க்கத் தடை உண்டு. ஆனால் இங்கிலாந்தில் அது பணக்காரர் வீட்டு அலங்காரமாக இருந்தது இல்லை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, பண்ணைக் கூலியாள் போன்றவர்களின் கொல்லையில் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதற்குள் இரண்டு பெரட்டுகள் இருக்கும். விடுமுறை நாளில் அவற்றைச் சாக்கில் போட்டுக்கொண்டு வயல் பக்கம் போவார்கள். முயல் வளைகளின் வாயில் எல்லாம் சுருக்கு வலை விரித்துவிட்டு, ஒரு வளைக்குள் பெரட்டை விடுவார்கள். முயல் அலறி அடித்து வெளியே பாயும். வலையில் விழும். அன்று வீட்டில் கறிக்குழம்பு.

யார்க்ஷையர் பகுதித் தொழிலாளர்களுக்குப் பெரட் மீது எவ்வளவு உறவு என்றால், கால்சட்டையின் இரு முனைகளையும் கட்டிவிட்டு உள்ளே பெரட்டை விட்டுக்கொண்டு, கடி தாங்கி எவ்வளவு நேரம் நிற்பது என்று போட்டியே நடத்தியிருக்கிறார்கள். 1981-ம் ஆண்டு ரெக் மெல்லர் என்ற முன்னாள் சுரங்கத் தொழிலாளி 5 மணி 26 நிமிடம் தாங்கினார்! எதற்கு இந்த வேதனை என்று கேட்கக்கூடாது. வீரம் என்றால் வீரம்தான்.

அந்தத் தொழிலாளர்கள் பெரட்டுக்கு என்ன போட்டு வளர்த்தார்கள்? ரொட்டியும் பாலும்!

காய்ந்துபோன ரொட்டியைப் பாலில் ஊற வைத்து ஒரு தட்டில் வைப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அதுதான் பெரட் சாப்பாடு. செலவு குறைவு. அதோடு, "வயிறு காய்ந்த பெரட்தான் நன்றாக வேட்டையாடும், தின்று கொழுத்தது வளைக்குள் படுத்துத் தூங்கிவிடும்" என்று ஒரு நம்பிக்கையும் இருந்தது. பெரட்டுகளும் பாலை ஆவலோடு நக்கிக் குடித்தன. குடித்துவிட்டுக் கழிந்தன. வேட்டையில் கிடைத்த முயலின் ஈரல், குடல் என்று கொஞ்சம் தின்றவை பிழைத்தன. அதுவும் கிடைக்காதவை எலும்பும் தோலும் ஆயின.

இதில் அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? இளைத்தவனைக் கண்டால் பால் கொடுப்பது உலக வழக்கம். மும்பையில் அறை எடுத்துத் தங்கி, மெஸ்ஸில் சாப்பிடும் வாலிபனைப் பார்க்க ஊரில் இருந்து அம்மா வந்தால், "என்னப்பா, இப்படித் துரும்பா இளைச்சுட்டே?" என்பார். அடுத்த காரியம் ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சி ஆற்றி நீட்டுவதுதான். அந்த அன்பு பையனுக்குப் பலிக்கும். பெரட்டுக்குப் பலிக்காது. வளர்ந்த பெரட்டின் வயிற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை ஜீரணம் ஆவது இல்லை. வயிற்றுப்போக்கில் உடம்பின் நீரும் போகும், எடையும் போகும்.

மூன்றே மணி நேரம்

ரகசியம் எல்லாம் குடலில் இருக்கிறது.

மனிதன் சாப்பிட்ட சோறு உடம்பின் வழியாகப் பயணம் செய்து கழிவாக வெளியே வர ஒரு நாளாவது ஆகும். மும்பையில் ரெயில் ஏறிச் சென்னை போய்ச் சேரும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரட்டின் வயிற்றுக்குள் போன உணவு 3 அல்லது 4 மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அது மும்பையில் இருந்து புனே போகிற நேரம்தான்!

குடல் குட்டை. மாட்டுக்கும் முயலுக்கும் தழைகளை ஊற வைத்துப் புளிக்க வைக்கும் குடல்பை ஒன்று உண்டு. பெரட்டுக்கு அது கிடையவே கிடையாது. எனவே அரிசி, கோதுமை, காய்கறி எது போட்டாலும், அவற்றில் உள்ள சத்தை எடுக்க அதன் உடம்புக்கு நேரமும் இல்லை, கருவியும் இல்லை. போன வேகத்தில் வந்துவிடும். சட்டென்று ஜீரணம் ஆகக்கூடியது இறைச்சியும் கொழுப்பும்தான்.

இன்னொரு வேடிக்கை. பெரட் குட்டி பிறக்கும்போது சுமார் 10 கிராம்தான் இருக்கும். கண் திறக்க ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும். ஆனால் 3 வாரத்திலேயே, கண் தெரியாத நிலையிலேயே, தாய் கொண்டுவந்து போடும் இறைச்சியை மோந்து பிடித்துச் சப்பத் தொடங்கிவிடும். உலகத்தைப் பார்க்கும் முன்பே கறியைத் தின்கிற ஜாதி!

குடல் குட்டையாக இருப்பதால், ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்று நாள் முழுவதும் தாங்க அதனால் முடியாது. கொஞ்சம் தின்னும். தூங்கும். எழுந்து கொஞ்சம் தின்னும். இப்படி ஒரு நாளில் 8, 10 தடவை. (ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேல் தூங்கும் என்பது வேறு விஷயம்.) ஆகவே காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று தட்டு வைத்தால் அது இளைக்கத்தான் செய்யும். கிண்ணத்தில் எப்போதும் உணவு இருக்க வேண்டும். பலர் செய்யும் முதல் தவறே இதுதான்.

இரண்டு, மூன்று பெரட்டுகள் உள்ள வீட்டில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பலசாலி கிண்ணத்தை மறித்துக்கொள்ளும். சாது ஓரமாக நின்று பார்க்கும். எஜமானர், "கிண்ணம் காலியாகிறதே, இரண்டும் நன்றாகத்தான் சாப்பிடுகின்றன" என்று நினைத்துக்கொண்டிருப்பார். தனித்தனி மூலையில் தனித்தனிக் கிண்ணம் வைத்த பிறகுதான் இளைத்தது தேறும்.

எது சாப்பாடு?

பெரட் உணவில் 100-க்கு 30 முதல் 40 பங்கு வரை புரதச்சத்து வேண்டும். அது மாமிசத்தில் இருந்து வந்த புரதமாக இருக்க வேண்டும். கொழுப்பு 15 முதல் 20 பங்கு. இளைத்ததைத் தேற்ற வேண்டுமானால் கொழுப்பு இன்னும் கொஞ்சம் கூடலாம். நார்ச்சத்து 3 பங்குக்கு மேல் போகக்கூடாது. மனிதருக்கு டாக்டர் சொல்லும் புத்தியை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் பெரட் சாப்பாடு!

நாய்க்கு விற்கும் உணவை வாங்கிப் போடக்கூடாது. அதில் தானியம் அதிகம். தானியப் புரதம் தின்றே வளர்ந்த பெரட்டுகளுக்குச் சிறுநீர்ப்பையில் கல் உண்டாகிறது. பெரட்டுக்கு என்றே செய்த உணவு கிடைக்காத இடத்தில், பூனைக்குட்டிகளுக்கு விற்கும் நல்ல ரக உணவு பரவாயில்லை. மீன் வாடை அடித்தால் பல பெரட்டுகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கோழிக்கறி என்றால் ஓடி வரும்.

எடை கூட்டுவதற்கு அனுபவசாலிகள் செய்வது இவ்வளவுதான்: கோழியின் தோலும் கொழுப்பும் சேர்ந்த கறி, கொஞ்சம் ஈரல், வேக வைத்த முட்டையின் மஞ்சள் கரு, சில சொட்டு மீன் எண்ணெய். பச்சை முட்டையின் வெள்ளைக் கருவை நாள்தோறும் கொடுத்தால் உடம்பில் ஒருவகை வைட்டமின் குறைந்துபோகும். ஈரலும் மீன் எண்ணெயும் அளவு மீறினால் இன்னொரு வைட்டமின் மிஞ்சிக் கெடுதி செய்யும். வேக வைத்த எலும்பு கூடவே கூடாது. அது ஊசி போல உடைந்து குடலைக் கிழிக்கும்.

சொல்வது சுலபம். தின்ன வைப்பது யார்? பெரட்டின் பிடிவாதம் பெரும் பிடிவாதம். பிறந்து 6 மாதத்துக்குள் எதைத் தின்று பழகியதோ, அதைத்தான் சாப்பாடு என்று மதிக்கும். புதிதாக ஒன்றை வைத்தால், அது எவ்வளவு உயர்ந்த கறியாக இருந்தாலும், பட்டினி கிடக்குமே தவிரத் தொடாது. பழைய உணவில் ஒரு சிட்டிகை புதியதைக் கலந்து, நாளுக்கு நாள் கூட்டி, 2 வாரமோ அதற்கு மேலோ பொறுமையாக மாற்ற வேண்டும். விரலில் தடவி நக்க வைப்பார்கள். உதட்டில் கொஞ்சம் பூசிவிடுவார்கள். கூழைச் சூடாக்கினால் மணம் கிளம்பும். மூக்கை நம்பி வாழும் பிராணி, அந்த மணத்துக்கு இறங்கி வரும்.

இனிப்பு செய்யும் துரோகம்

பெரட்டுக்கு இனிப்பு என்றால் உயிர். திராட்சை வற்றல், வாழைப்பழம், பிஸ்கட் எதைக் காட்டினாலும் பின்னங்காலில் நின்று கெஞ்சும். கெஞ்சும் அழகைப் பார்த்துக் கொடுக்காமல் இருக்க முடியாது. எடையும் கூடட்டுமே என்று கொடுப்பார்கள்.

அங்கேதான் ஆபத்து. 3, 4 வயதைத் தாண்டிய பெரட்டுகளுக்கு, முக்கியமாக அமெரிக்காவில், கணையத்தில் கட்டி வருவது மிகச் சாதாரணம். அந்தக் கட்டி ஓயாமல் இன்சுலினைச் சுரக்கும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். நம் ஊர்ச் சர்க்கரை வியாதிக்கு நேர் எதிர் வியாதி! பெரட் ஒரே இடத்தை வெறித்துப் பார்க்கும். வாயில் எச்சில் வடியும். முன்னங்காலால் வாயைப் பிறாண்டும். பின்னங்கால்கள் துவளும். உடம்பு கரையும்.

சர்க்கரை குறைகிறதே, சர்க்கரையே கொடுப்போம் என்று தோன்றும். கொடுத்தால் சிறிது நேரம் தெளியும். ஆனால் அந்தச் சர்க்கரையைக் கண்டதும் கட்டி இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். முன்னைவிட மோசமாக விழும். மயங்கி விழுந்த அவசரத்துக்கு மட்டும் ஈறில் துளித் தேனைத் தடவி, கொஞ்சம் தெளிந்ததும் கறிக்கூழைப் புகட்டி, உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மற்ற நேரத்தில் மாமிசம்தான் மருந்து. அடிக்கடி, சிறிது சிறிதாக. இந்த நோய் கண்ட பெரட் 4 மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிற்றில் இருக்கக்கூடாது. நள்ளிரவு 2 மணிக்கு விளக்கு எரிந்ததே, அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இளைத்தது ஏன்?

ஆகவே கூழ் காய்ச்சுவதற்கு முன்னால் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பல்லில் வலி இருக்கலாம். வயிற்றில் புண் இருக்கலாம். அப்படியானால் மலம் தார் போலக் கறுத்துப் போகும். குட்டிகளுக்கு ரப்பரைக் கண்டால் ஆகாது. செருப்பு, அழிப்பான், பொம்மை என்று கடித்து விழுங்கிவிடும். குடலில் ரப்பர் துண்டு அடைத்துக்கொண்டிருக்கும்போது, மேலே மேலே கூழைப் புகட்டினால் என்ன ஆகும்? அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி.

சில பெரட்டுகளுக்கு வயிறு மட்டும் பெருக்கும். "தேறிவிட்டது" என்று வீட்டார் மகிழ்வார்கள். முதுகைத் தடவினால் எலும்பு தட்டும். அது சதை அல்ல. மண்ணீரல் வீக்கமாகவோ, இதய நோயால் வயிற்றில் கட்டிய நீராகவோ இருக்கலாம்.

வீட்டுக்காரருக்கு வந்த புளூ காய்ச்சல்கூடக் காரணமாக இருக்கலாம். மனிதருக்கு வரும் புளூ பெரட்டுக்கு அப்படியே தொற்றும். 1933-ம் ஆண்டு லண்டனில் விஞ்ஞானிகள் மனிதரின் புளூ கிருமியைக் கண்டுபிடித்ததே பெரட்டுகளைக் கொண்டுதான். ஆராய்ச்சியில் ஒரு பெரட் தும்மி, வில்சன் ஸ்மித் என்ற விஞ்ஞானிக்கே காய்ச்சல் வந்தது! சளி பிடித்த பெரட்டுக்கு மணம் தெரியாது. மணம் தெரியாவிட்டால் கிண்ணத்தின் பக்கமே போகாது.

எதுவுமே இல்லாமலும் இளைக்கும். குளிர்காலத்துக்கு முன்பு கொழுத்து, வசந்தம் வந்ததும் மெலிவது பெரட்டின் இயல்பு. சிலவற்றுக்கு 100-க்கு 30 பங்கு எடைகூட இப்படி ஏறி இறங்கும். இது தெரியாமல் வசந்த காலத்தில் கவலைப்பட்டுத் தூக்கம் கெட்டவர்கள் உண்டு. உற்சாகமாகத் துள்ளி விளையாடி, நன்றாகத் தின்று, மலமும் ஒழுங்காக இருந்தால் பயப்பட வேண்டியது இல்லை. அரை நாள் எதையும் தொடாமல் சுருண்டு கிடந்தால் காத்திருக்கக்கூடாது.

வாத்து இல்லாத வாத்து சூப்

நோயில் விழுந்த பெரட்டுக்குக் கொடுக்கும் கூழுக்கு அமெரிக்காவில் "டக் சூப்" என்று பெயர். வாத்து சூப்! ஆனால் அதில் பெரும்பாலும் வாத்து இருக்காது. வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் வேறு. கோழிக்கறியைத் தோலோடு வேக வைத்து, எலும்பை நீக்கி, கறியும் சாறும் சேர்த்து மைய அரைப்பார்கள். பெரட் வழக்கமாகத் தின்னும் உணவை வெந்நீரில் ஊற வைத்துக் கரைத்து அதில் கலப்பார்கள். உப்பு கிடையாது. வெங்காயம், பூண்டு சேர்த்தால் விஷம். மொத்தமாகச் செய்து, ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைத்துக்கொண்டு, வேளைக்கு ஒன்றிரண்டு கட்டியாக எடுத்துச் சூடாக்குவார்கள்.

ஒரு வேளைக்கு 2 அல்லது 3 தேக்கரண்டி போதும். மல்லாத்திப் படுக்க வைத்துப் புகட்டக்கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். உட்கார வைத்த நிலையில், பக்கவாட்டில், அது விழுங்க விழுங்கக் கொடுக்க வேண்டும். 4 மணிக்கு ஒரு தடவை. நடுவில் தண்ணீர்.

இப்படி ஒரு வாரம், இரண்டு வாரம். கணவன் ஒரு ராத்திரி, மனைவி ஒரு ராத்திரி என்று முறை வைத்துக்கொள்கிற வீடுகள் உண்டு. சமையல் அறைத் தராசில் கிண்ணத்தை வைத்து, அதற்குள் பெரட்டை உட்கார வைத்து, தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு நோட்டில் குறிப்பார்கள். 5 கிராம் ஏறினால் வீட்டில் கொண்டாட்டம். 10 கிராம் இறங்கினால் அன்று யாருக்கும் சோறு இறங்காது.

தேறிவிட்டதா என்பதைத் தராசுக்கு முன்பே பெரட் சொல்லிவிடும். சுகமாக உள்ள பெரட்டுக்கு ஒரு திருட்டுப் புத்தி உண்டு. கிண்ணத்தில் இருப்பதைக் கவ்விக்கொண்டு போய், கட்டிலுக்கு அடியிலோ சோபா மூலையிலோ பதுக்கி வைக்கும். நோய் வந்தால் அந்த ஆசை போய்விடும். ஒரு நாள் காலையில் வீட்டைப் பெருக்கும்போது, சோபாவுக்குப் பின்னால் இருந்து நாலைந்து கோழிக்கறித் துண்டுகள் நாற்றத்தோடு வெளியே வரும். வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அன்று இரவு 2 மணிக்கு அலாரம் வைக்கமாட்டார்.